சத்தமில்லாமல் எழுதிய கடைசிப் பாகம்

போன வாரம் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதையும், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் வாய்ப்பூட்டுப் போட்டதையும், வீட்டில் திடீரென்று நிலவிய அமைதியில் அப்பா ரகசியமாகப் பூரித்துப் போனதையும் பார்த்தோம். தொண்டை எப்போதோ சரியாகிவிட்டது. அப்பாவின் பூரிப்பும் அன்றோடு சரி. பத்திரிகைக்குத்தான் அது ஒரு வாரம். அவர்கள் வீட்டில் அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அந்த மௌனம் எங்கே போய் வெடித்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் இருப்பது நாலே பேர். அம்மா கதை எழுதுகிறவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அப்பாவின் தங்கை, அண்ணியின் கதைகளுக்குப் படம் போடுகிறவள். முப்பது தாண்டியும் அண்ணன் வாயில் 'பாப்பா' என்றே இருப்பதால் அண்ணிக்கும் அவள் பாப்பாதான். நாலாவது ஆள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சுண்டு. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். ஆள் வளர்ந்தும் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டை நடத்துவது அவள்தான் என்பது மற்ற மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மா எழுதுவது பொம்மைகளின் சாகசக் கதைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகி, 'குடு, நானே படிச்சுக்கறேன்' என்று பெரியவர்கள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிற வயதுப் பிள்ளைகளுக்கு. நாயகன் ஒரு தகர லாரி. அப்பாவும் அத்தையும் சின்ன வயதில் சண்டை போட்டு உருட்டிய லாரி அது; மூன்று சக்கரம்தான் மிச்சம். நாலாவது எங்கே போனது என்று இன்றுவரை இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதைகளில் அந்த லாரி சோபா மலை ஏறியிருக்கிறது, குளியலறைக் கடலைத் தாண்டியிருக்கிறது. இப்போது ஒன்பதாவது புத்தகம்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். வாக்கியம் ஒரே மூச்சில் முடிய வேண்டும். ஒரு சொல்லை வரி ஓரத்தில் இரண்டாக உடைக்கக் கூடாது. பக்கத்தைத் திருப்புகிற இடத்தில் லாரி ஏதாவது ஒரு ஆபத்தில் மாட்டியிருக்க வேண்டும். அம்மா இதற்கெல்லாம் ஒரே வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவாள். வாயில் இடறுவது பிள்ளையின் கண்ணிலும் இடறும் என்பது அவள் கட்சி. ஒரு வரி சரியாக வரும்வரை பத்துத் தடவையானாலும் சொல்வாள்.

அவள் எழுதும் மூலைக்கும் சுண்டுவின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். அந்தப் பிளைவுட்டுக்கு இருந்த இரண்டு காதும் சுண்டுவுடையவை. ஆனால் இது அன்று காலைவரை யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலைதான் புதுப் புத்தகங்கள் பெட்டியில் வந்து இறங்கின.

அத்தை கத்தியால் டேப்பைக் கீறி, மேலே இருந்த புத்தகத்தை எடுத்து முகர்ந்துவிட்டு அண்ணியிடம் நீட்டினாள். பச்சை வாசனை. அட்டையில் லாரி கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை சுண்டுவிடம் காட்ட நேரமில்லாமலே அச்சுக்குப் போயிருந்தும், பின் அட்டையில் வழக்கம்போல அந்த வாசகம்: 'எங்கள் வீட்டு முதல் வாசகி தானே படித்துச் சிரித்துச் சம்மதம் சொன்ன கதை.'

"நீலம் நல்லா வந்திருக்கு, பாப்பா" என்றாள் அம்மா.

"போன தடவை அழுக்குத் தண்ணி மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை அச்சகத்துல போய் நின்னு பாத்தேன்ல." அத்தை மற்ற புத்தகங்களை அலமாரியில் அடுக்கினாள். "அண்ணி, இந்தக் காலிப் பெட்டிய தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்கு வேணும்."

"எடுத்துக்கோ. எதுக்கு?"

"சும்மா, கொஞ்சம் பெயின்ட்டெல்லாம் கிடக்கு."

சுண்டு அதற்குள் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே தகர லாரி. அதற்குத்தான் முதலில் படித்துக் காட்ட வேண்டும். கதை அதைப் பற்றியதல்லவா.

முதல் பாகம் தண்ணீர் பட்ட பாடு. இரண்டாம் பாகத்தில் பஞ்சு வெளியே வந்த கரடிக்கு ஒரு குரல், விசில் போன ரப்பர் நாய்க்கு ஒரு குரல். சமையலறையில் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். பெற்றவளுக்கு மட்டுமல்ல, எழுதியவளுக்கும் காது குளிர்ந்தது. நாலாம் பாகமும் முடிந்தது. கட்டிலடிக் காட்டின் நட்டநடுவே, இருட்டில், லாரி ஒரு வட்டக் கதவின் முன்னால் நிற்கிறது. சுண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

"லாரி உள்ள பாஞ்சுச்சு. சக்கரம் அங்கதான் இருந்துச்சு. எடுத்து டக்குனு மாட்டிக்கிச்சு. நாலு சக்கரம் வந்ததும் அதுக்கு வந்துச்சு பாரு வேகம், ஜன்னல் வழியா பறந்து நேரா நிலாவுக்கே போயிடுச்சு. நிலாவ ஒரு சுத்து சுத்திட்டு, ஸ்கூல் மணி அடிக்கறதுக்குள்ள திரும்பி வந்துடுச்சு. முற்றும்."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

அவள் எழுதிய ஐந்தாம் பாகத்தில் நிலா கிடையாது. ஜன்னல் கிடையாது. லாரிக்குச் சக்கரமே திரும்பக் கிடைப்பதில்லை.

சுண்டு பக்கங்களைச் சரியான இடைவெளியில்தான் திருப்பினாள். விரலும் வரியின் மேல்தான் இருந்தது. கதையும் நன்றாகத்தான் இருந்தது. எழுத்தாளருக்கு அதுதான் கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது அது இல்லை.

அம்மா அலமாரிப் பக்கம் பார்த்தாள். அத்தையும் இவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் குசுகுசுத்தார்கள்.

"அவ படிக்கல, பாப்பா."

"ஆமா, அண்ணி."

"நாலு பாகம் நான் கத்தி எழுதினது. அஞ்சாவது எழுதறப்போ எனக்குத் தொண்டை இல்ல. கேக்காதத எப்படிச் சொல்வா? அதான் நிலாவுக்கு அனுப்பிட்டா." அம்மா சமையல் மேடையில் சாய்ந்துகொண்டாள். "எட்டுப் புத்தகம். எட்டு அட்டையிலயும் 'தானே படித்து'ன்னு போட்டிருக்கோம். ஸ்கூல்லகூட யாரும் சொல்லலயே."

"ஸ்கூல்ல டீச்சர் ஒரு தடவை படிச்சுக் காட்டிட்டுத்தான் படிக்கச் சொல்வாங்க. அவளுக்கு ஒரு தடவை போதுமே."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அத்தை கைவிரலில் ஒட்டியிருந்த டேப்பை உரித்துக்கொண்டே சொன்னாள். "தெரியாது. சந்தேகம். படிக்கறப்போ அவ கண்ணு எழுத்துமேல இருக்காது, என் படத்துமேலதான் இருக்கும். மொதல்ல பெருமையா இருந்துச்சு. அப்புறம் உதைச்சுது. நிச்சயமாத் தெரியாம உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதனாலதான் அஞ்சாம் பாகத்துக்கு மட்டும் படங்கள வேற மாதிரி போட்டேன். கஷ்டமான வார்த்தை எங்க வருதோ, அதுக்குப் பக்கத்துலயே அந்தப் பொருள் நிக்கும். பாத்தீங்களா?"

அம்மா பார்த்திருந்தாள். அழகுக்கு என்று நினைத்திருந்தாள்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஆனால் அன்று சாயங்காலம் கிளை நூலகத்தில் வாசிப்புக் கூட்டம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நடப்பதுதான். எப்போதும் சுண்டு முதல் பாகத்தைப் படிப்பாள். இந்தத் தடவை நூலகர் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்: "முடிவ உங்க பொண்ணே படிக்கட்டும்மா. பாதியில நிறுத்தினா பிள்ளைங்க எடத்த விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குதுங்க."

முடிவு என்றால் ஐந்தாம் பாகம்.

அது சுண்டுவுக்கும் தெரியும். பாவம், அன்று பகல் முழுவதும் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாய்விட்டு அழவும் முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது.

முதலில் அப்பாவைப் பிடித்தாள். அவர் விடுமுறை நாளின் உரிமையோடு நாற்காலியில் சரிந்திருந்தார்.

"அப்பா, உங்களுக்கு எழுத்தெல்லாம் சரியாத் தெரியுதான்னு பாக்கலாமா? இந்தப் பக்கத்த படிங்க."

"கண்ணாடி வேலைக்குப் போற பையில இருக்கும்மா."

அடுத்து அத்தை. "அத்தை, நீ படம் போட்ட பாகம்தானே? எந்தப் படத்துக்கு எந்த வரின்னு சத்தமா சொல்லேன்."

"வாயில பென்சில் வச்சிருக்கேன் பாரு" என்றாள் அத்தை, வாயில் பென்சிலை வைத்துக்கொண்டு.

கடைசியில் அம்மா. சுண்டு குரலில் தேன் தடவிக்கொண்டு வந்தாள். "அம்மா, உன் தொண்டை நல்லா ஆயிடுச்சான்னு டெஸ்ட் பண்ணலாமா? ஒரே ஒரு பாகம் படிச்சுப் பாரு. நொந்தா நிறுத்திடலாம்."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இப்ப கை வேலையா இருக்கேன் கண்ணு" என்று தப்பித்து வந்து கணவரிடம் கொட்டினாள்.

அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "இதுக்கா இவ்வளவு? ஒரு தடவை படிச்சுக் காட்டேன். சாயங்காலம் கிளி மாதிரி சொல்லிட்டு வந்துடுவா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அம்மாவுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஐந்து நிமிடம் போதும். பிள்ளையின் மானம் காப்பாற்றப்படும், அட்டை வாசகத்தின் மானமும்.

"உங்க வேலையில அப்படிச் செய்வீங்களா?" என்றாள். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சுன்னா, எப்படியாவது தள்ளி மேல ஏத்திவிட்டுட்டு, அப்புறம் பாத்துக்கலாம்னு வந்துடுவீங்களா?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். தொழிலைத் தொட்டால் அவர் வேறு ஆள்.

"அதெப்படி? மொதல்ல லிஃப்ட் மேல கைய வைக்கவே மாட்டோம். உள்ள இருக்கறவங்ககிட்ட பேசணும். கதவுகிட்ட வாய வச்சு, 'நீங்க உள்ள இருக்கறது எங்களுக்குத் தெரியும், பயப்படாதீங்க'ன்னு சொல்லணும். அதக் கேட்டாலே பாதி பேரு மூச்சு விட்டுடுவாங்க. மாட்டிக்கிட்டத விட, மாட்டிக்கிட்டது யாருக்கும் தெரியலங்கறதுதான் அவங்களுக்குப் பெரிய பயம்."

சொன்னது அவருக்கே உறைத்தது. பிறகு மெல்ல, "போய்ப் பேசு" என்றார்.

அம்மா அந்த நிமிடம் அவரைப் பார்த்த பார்வையில் பதினோரு வருடக் குறட்டைக்கும் மன்னிப்பு இருந்தது.

சுண்டு அறையில் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கால் மட்டும் தெரிந்தது. அம்மா தரையில் மண்டியிட்டு, குனிந்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்தாள். கட்டிலடிக் காட்டை இருநூறு வரிகளில் வர்ணித்தவளுக்கு அதற்குள் இவ்வளவு தூசி இருக்கும் என்று தெரியவில்லை.

"உள்ள யாரு?"

"லாரி" என்றது குரல்.

"லாரி மட்டும்தானா?"

"ம்."

"அப்ப லாரிகிட்ட ஒண்ணு சொல்லணும். அது உள்ள மாட்டிக்கிட்டு இருக்கறது எனக்குத் தெரியும்."

தகரச் சக்கரம் ஒன்று மட்டும் விரலில் சுழலும் ஓசை.

"எதுல?" என்றது லாரி, மிக மெதுவாக.

"அஞ்சாம் பாகத்த நான் வாய்விட்டுச் சொல்லல. அதனால லாரிக்கு அது தெரியாது."

சக்கரம் சுழல்வது நின்றது.

"லாரிக்குப் படிக்கத் தெரியும்" என்றது குரல். "எல்லா எழுத்தும் தெரியும். ஆனா மெதுவாத்தான் வரும். மெதுவாப் படிச்சா எல்லாரும் 'என்னாச்சு உனக்கு'ன்னு கேப்பாங்க. ஏன்னா லாரி ரொம்ப நாளா வேகமாப் படிச்சிட்டு இருக்கு. இப்ப எப்படி நிறுத்தறதுன்னு அதுக்குத் தெரியல."

அம்மா இன்னும் கொஞ்சம் நகர்ந்து உள்ளே போனாள். தலை கட்டில் சட்டத்தில் இடித்தது. இருட்டில் மகளின் கை கிடைத்தது; புழுதியும் ஈரமுமாக இருந்தது.

"நான் யாருக்காக எழுதறேன்னு நெனக்கிற? வேகமாப் படிக்கறவங்களுக்கு நான் எதுக்கு? அவங்களுக்கு உலகத்துல எவ்வளவோ புத்தகம் இருக்கு. நான் எழுதறதே மெதுவாப் படிக்கறவங்களுக்குத்தான். இத்தன நாளா என் வீட்லயே ஒருத்தி இருக்கான்னு தெரியாம, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எழுதிட்டு இருந்திருக்கேன். தப்பு என்னுதுதான்டா."

"அப்ப ஒரு தடவை படிச்சுக் காட்டு."

"மாட்டேன்."

"அம்மா."

"உனக்கு இன்னைக்கு வேணாம்னா சொல்லு. நூலகத்துக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். அப்பாவும் அத்தையும்கூட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. ஆனா படிச்சுக் காட்ட மாட்டேன்."

சுண்டு யோசித்தாள். அவள் யோசித்தது போனைப் பற்றி அல்ல.

"கடைசியில லாரிக்குச் சக்கரம் கிடைச்சுடுமா?"

"தெரியாது."

"நீதானே எழுதின? நிலாவுக்குப் போகுமா, போகாதா?"

"டாக்டர் என்னை வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"அது அப்போ."

"ஐயோ, இப்பவும் வலிக்குது" என்று அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சுண்டு ஒரு நொடி முறைத்தாள். பிறகு அம்மா கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளிச்சம் இருக்கும் பக்கம் தவழ்ந்தாள். மெத்தையின் விளிம்பிலிருந்து தொங்கிய போர்வைக்குக் கீழே, முணுமுணுவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. ல, லா, லாரி. க, கத, கதவை.

ஒரு பக்கம் முடிவதற்குள் கிளம்ப நேரமாகிவிட்டது.

கிளை நூலகத்தின் குழந்தைகள் அறையில் நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். அப்பா ஒன்றில் உட்கார்ந்து, எழுந்திருக்கும் எண்ணத்தையே கைவிட்டுவிட்டார். பாயில் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாது. ஆளுக்கொரு புத்தகம், அல்லது இருவருக்கு ஒன்று. அம்மா நாலு பாகத்தைப் படித்து முடித்தாள். வட்டக் கதவின் முன்னால் லாரியை நிறுத்தினாள். புத்தகத்தை மூடினாள்.

"மிச்சத்த சுண்டு படிப்பா" என்றாள். "அவளும் இத இப்பத்தான் மொதல் தடவையாப் படிக்கறா. எனக்கே கொஞ்சம் படபடப்பா இருக்கு."

சுண்டு எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். லாரியை மடியில் வைத்துக்கொண்டாள். விரலை முதல் வரியில் வைத்தாள்.

"லாரி... கத... வைத்... தட்டியது. டொக். டொக்."

அறையில் ஒரு சலசலப்பு. போன தடவை ரயில் மாதிரி படித்தவள் இவள்தானா என்று பின்னால் இரண்டு தாய்மார்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் கை அத்தையின் கையைத் தேடிப் பிடித்தது.

"கதவு வட்... டமாக இருந்தது. நடுவில் ஒரு ஓட்டை... இருந்தது. 'இது என் சக்... கரம்' என்றது லாரி."

ஓ என்றது பாய்.

கதவைத் திறந்தது ஒரு பொத்தான். அதன் பின்னால் இன்னொரு பொத்தான், அதன் பின்னால் சட்டைக் கைப் பொத்தான் சைஸில் ஒரு குட்டி. தொலைந்துபோன பொத்தான்களின் குடும்பம். தினமும் காலையில் காட்டில் புயல் அடிக்குமாம், அந்தக் கதவு இல்லாவிட்டால் குட்டிப் பொத்தானை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். என்ன புயல்? சுண்டு அங்கே நின்றாள். நீளமான சொல். 'து'வில் ஆரம்பித்து எங்கேயோ போனது. விரல் நகரவில்லை. அவள் காது சிவந்ததை அம்மா பார்த்தாள்.

பிறகு சுண்டுவின் கண் ஓரத்துக்குப் போனது. வரிக்குப் பக்கத்திலேயே, மரம் போல உயர்ந்து, ஒவ்வொரு குச்சியும் கிளையாக, அது நின்றுகொண்டிருந்தது.

"துடைப்... பப் புயல்" என்றாள் சுண்டு. பாய் முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு அம்மா கவனித்தது வேறொன்று. பிள்ளைகள் யாரும் சுண்டுவைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் புத்தகத்தில் விரலை வைத்திருந்தார்கள். அவள் நகரும்போது முப்பது விரலும் நகர்ந்தன; அவள் நின்றால் நின்றன. கடைசிப் பக்கத்தில் படமே இல்லாத ஒரு சொல் வந்து அவள் மறுபடி நின்றபோது, பாயின் நாலு மூலையிலிருந்தும் முணுமுணுப்பு எழுந்தது. ப, பர, பரவா. முன் வரிசையில் ஒரு பெண் முதலில் பிடித்தாள், அடுத்த மூச்சில் சுண்டு பிடித்தாள்.

"'பரவாயில்லை' என்றது லாரி. 'கதவு உங்களிடமே இருக்கட்டும். எனக்கு மூன்று சக்கரம் போதும். கொஞ்சம் மெதுவாகப் போவேன். மெதுவாகப் போனால், வழியில் எல்லாம் தெரியும்.'"

அவள் புத்தகத்தை மூடவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த லாரியை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் நூலகர் அம்மாவின் காதருகே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. முன்னாடியெல்லாம் உங்க பொண்ணு படிக்கறப்போ என் பிள்ளைங்க வாயப் பொளந்து அவ மூஞ்சியத்தான் பாக்கும். அவ வேகத்துக்கு அதுங்களால புத்தகத்தைத் தொடர முடியாது. இன்னைக்குத்தான் எல்லாம் சேந்து படிச்சுது. ரொம்ப நன்றிம்மா."

நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள அம்மாவுக்கு மனம் வரவில்லை. அது தனக்கு வந்த சரக்கு இல்லை. புத்தக அலமாரி ஓரத்தில் நின்ற நாத்தனாரிடம் போனாள்.

"பாப்பா. அந்தத் துடைப்பம் மட்டும் அங்க இல்லேன்னா."

"வேற ஏதாவது பண்ணியிருப்பா, அண்ணி."

"இல்ல, சொல்ல விடு. நான் பேச முடியாம உக்காந்திருந்தப்போ முடிவே வரல. சக்கரம் கதவாயிட்ட மாதிரி வரைஞ்சு என் மேசையில நீதான் வச்ச. அதப் பாத்துத்தான் எழுதினேன். கதையும் உன்னுது, பிள்ளை படிச்சதும் உன்னால. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே அவளே படிச்சுப்பா, அண்ணி. பக்கத்துல யாரும் இல்லேன்னாலும்."

நல்ல வார்த்தைதான். அம்மா அதை நல்ல வார்த்தையாகவே எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் மூன்று பெரியவர்களுக்கும் காதுக்கு ஓய்வில்லை. 'இங்கு... வண்டிகளை... நிறுத்தா... தீர்.' 'சாவி... செய்து... தரப்படும்.' 'பழுது பார்க்... கும் இடம்.' ஒரு பலகை விடவில்லை சுண்டு. கட்டட லிஃப்டில் ஏறியதும் அதன் சுவரையும் படித்தாள். "ஆறு பேர் மட்டும். அப்பா, நாம நாலு பேர்தான், போலாம்."

"போலாம் மேடம்" என்றார் அப்பா. அவர் மாட்டிய பலகைதான் அது. இத்தனை வருடத்தில் அதை மதித்துப் படித்த முதல் ஆள் இவள் என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாத்திரை அட்டை, சோப்புத்தூள் பாக்கெட், மின்பெட்டியின் எச்சரிக்கை. அம்மா டீ போட்டுக்கொண்டே கேட்டாள். திக்கித் திக்கி, நின்று நின்று வந்த அந்தக் குரல், எட்டுப் புத்தகமாக அவள் கேட்ட எந்த வாசிப்பையும்விட இனித்தது. பிளைவுட்டுக்கும், தொண்டை வலிக்கும், வாய்ப்பூட்டுப் போட்ட டாக்டருக்கும்கூட மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

குரல் ஹாலைக் கடந்து அத்தையின் அறைக்குள் போயிற்று.

அங்கே மேசைக்கு அடியில் காலையில் புத்தகம் வந்த பெட்டி இருந்தது. இப்போது அது காலியாக இல்லை. அத்தையின் பிரஷ்களும் வண்ணங்களும் ஒன்று விடாமல் நிரப்பி, மேலே டேப் ஒட்டி, பக்கவாட்டில் தடித்த கறுப்பு மையில் எழுதியிருந்தது.

சுண்டு அதன் முன்னால் மண்டியிட்டு விரலை வைத்தாள்.

"ஊருக்கு... எடுத்து... ப் போக... வேண்டி... யவை."

டீத் தம்ளரோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் அப்பா. அத்தை ஜன்னலோரம் நின்றுகொண்டு யாரையும் பார்க்கவில்லை.

பெட்டியின் மேலிருந்த எழுத்துகளை அம்மா இன்னொரு தடவை பார்த்தாள். ஒவ்வொன்றும் பெரிதாக, உருண்டையாக, சொல்லுக்குச் சொல் நிறைய இடம் விட்டு, மெதுவாகப் படிக்கிற ஒருத்திக்காகவே எழுதியது போல இருந்தன.

"அத்தை" என்றாள் சுண்டு, விரலை எடுக்காமல். "எந்த ஊருக்கு?"